உள்ளே விடும் துணி

புஷ்பலதா அளவு ரவிக்கையைப் புரட்டிப்போட்டு உட்புறத்தை ஆராய்ந்தாள்.

எந்த அளவு ரவிக்கையும் தன்னை அணிந்தவளை மறைப்பதில்லை. அக்குளில் வியர்வைக் கறை இருக்கும். கொக்கிகள் வளைந்திருக்கும். பிள்ளைப்பேற்றுக்குப் பின் பிரித்துவிடப்பட்ட பழைய தையலின் துளைகள் வரிசையாகத் தெரியும்.

இதிலோ ஒன்றுமே இல்லை.

மார்பு நாற்பது அங்குலம், இடுப்பு இருபத்திரண்டு. தையல் மட்டும் புஷ்பலதாவுடையது. சென்ற மாதம் செம்பாக்கத்திலிருந்து வந்த ஒருவர், தம் துணிக்கடைப் பொம்மைக்கு என்று சொல்லித் தைத்து வாங்கிச் சென்ற ரவிக்கை. புஷ்பலதாவின் தையற்கடைப் பெயர் அச்சிட்ட அதே பையில் அது திரும்பி வந்திருந்தது.

“அந்த சார் உங்க வூட்டுக்காரராம்மா? ரெண்டு இட்லி துன்னா கொக்கி தெறிச்சிடும் சார்னு அப்பவே சொன்னேன். அது சாப்புடாதுங்கன்னு சிரிச்சாரு.”

எதிரில் நின்ற ஜெயப்ரியா சிரிக்கவில்லை. தான் கொண்டுவந்திருந்த ஊதா நிறப் பட்டுத் துணியை மேசைமேல் விரித்து நீவினாள்.

“எங்களுக்குக் கடையெல்லாம் கிடையாதுக்கா. பொம்மை பெட்ரூம்ல இருக்கு. அதுகூடத்தான் படுக்கிறாரு.”

வெளியே ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பேருந்து விடாமல் ஒலியெழுப்பிக்கொண்டிருந்தது.

புஷ்பலதா பட்டுத் துணியின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள். தொழிலைப் பற்றிக் கேட்டாள்.

“அப்போ இந்தத் துணியும் அதுக்குத்தானா?”

“இல்லக்கா. இது எனக்கு. அதே அளவுல வேணும். அடுத்த மாசம் எங்க கல்யாண நாள். அன்னிக்காவது என்னைத் திரும்பிப் பார்க்கட்டும்.”

புஷ்பலதா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

நாடா தேவைப்படவில்லை. பிள்ளைகளைச் சுமந்து அகன்ற இடுப்பு ஜெயப்ரியாவுடையது. ஆயினும் கழுத்தெலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. பட்டுத் துணியை நீவிய விரலில், மோதிரம் நழுவாதிருக்க நூல் சுற்றப்பட்டிருந்தது. நூல் புதியது.

வளரும் பெண்பிள்ளைகளுக்குத் தைக்கும்போது வழக்கமாகச் சொல்வதையே அவள் சொன்னாள்.

“உள்ள நெறைய துணி வுட்டுத் தைக்கிறேன் கண்ணு. இறுக்கிச்சின்னா பிரிச்சிக்கலாம்.”

ஜெயப்ரியா தலையசைத்து மறுத்தாள்.

“உள்ள துணியே விடாதீங்கக்கா. இருந்தா பிரிச்சிடுவேன்.”