மூன்றாவது குப்பி

ராமாமணி அம்மா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

கண்ணாடித் தட்டில் மயங்கிக் கிடந்தது ஒரு பழ ஈ. வாழைப்பழம் கனிந்தால் சமையலறையில் சுற்றுமே, அதேதான். சர்க்கரை தூக்கலாகப் போட்ட தீனியில் வளர்ந்து பெருத்திருந்தது. வயிற்றுக்குள் புற்றுக்கட்டி பச்சையாக மினுங்கியது. கண்ணுக்குத் தெரிவதற்காக நாங்கள் கொடுத்த நிறம்.

பல்லடத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள், அவரும் கணவர் தம்பிதுரையும். உடல் பருமனுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கோவையில் ஈக்களை வைத்து ஆராய்கிறோம் என்று செய்தித்தாளில் படித்துவிட்டு, தம்பிதுரைதான் போன் செய்தார். வீட்டில் அந்த வியாதி இருக்கிறது, ஒரு தடவை வந்து பார்க்கலாமா என்று கேட்டார்.

அம்மாவுக்குக் கனத்த உடம்பு. மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி ஃபைலை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் வேறெதுவும் கேட்கவில்லை.

இரண்டு குப்பி ஈக்களைக் காட்டினேன். இரண்டிலும் கட்டி உண்டு. சாதாரணத் தீனி தின்றவற்றுக்குச் சின்னதாக இருந்தது. சர்க்கரைத் தீனி தின்றவற்றுக்குப் பரவியிருந்தது.

"தீனியாலதான் வந்துச்சுங்களா?"

வந்ததிலிருந்து அம்மா வாய் திறந்தது அப்போதுதான்.

நான் மூன்றாவது குப்பியை எடுத்து, அதிலிருந்து ஒரு ஈயை வைத்தேன். அதே சர்க்கரைத் தீனிதான். அதே பெருத்த உடம்பு. பச்சை எங்குமே இல்லை.

"இதுவும் அதையேதானுங்கம்மா தின்னுச்சு. இதுக்குக் கட்டி வரலைங்க. மத்ததுக்கெல்லாம் கட்டி வர்ற கோளாறை முட்டையிலயே நாங்கதான் வெச்சோம்."

வந்த கட்டியைச் சர்க்கரை வேகமாக வளர்க்கிறது என்பதையும் மறைக்கவில்லை. ஈயில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது, ஒருவருக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது என்றும் சொன்னேன்.

அவர் மூன்றாவது ஈயைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். தோள்கள் குலுங்கின.

மனசு கேட்கவில்லை. இப்போதெல்லாம் நல்ல மருந்துகள் வந்திருக்கின்றன, தைரியமாகச் சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன்.

அவர் புரியாமல் கணவரைப் பார்த்தார்.

"வியாதி எனக்குங்க, அம்மணி," என்றார் தம்பிதுரை. "இவதான் ஆக்கிப்போட்டே வர வெச்சுட்டான்னு சொந்தத்துல ஒருத்தர் சொல்லிப்போட்டாங்க. அன்னைலருந்து இவ அடுப்புப் பக்கமே போறதில்லைங்க. தம்பி ஊட்டுலருந்துதான் சோறு வருது."

சட்டை அவர் தோளில் எவ்வளவு தொளதொளவென்று தொங்கியது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அவருக்கு எதையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அம்மா கேட்டுத் தெளியட்டும் என்றுதான் அழைத்து வந்திருந்தார்.

தம்பிதுரை எழுந்து, எனக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு குப்பிகளின் பக்கம் திரும்பி இன்னொன்று.

அவர்கள் படி இறங்கும்போது அம்மாவின் குரல் மேலே கேட்டது.

"ஏனுங்க, ராத்திரிக்கு என்ன ஆக்கட்டும்?"

எட்டிப் பார்த்தேன். தம்பிதுரை பாதிப் படியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தார்.