பாதி ஐஸ்

“இதுதானா சார் நீங்க கொண்டாந்த ஐஸ்?”

சாக்கைப் பிரித்த காந்திமதி சிடுசிடுத்தாள். மரத்தூளுக்குள் பாதிக் கட்டிதான் கிடந்தது. அதுவும் மத்தியானமே வர வேண்டியது, சாயங்காலம் ஆகிவிட்டது.

“விழுப்புரத்துலேந்து திண்டிவனம் வர்றதுக்குள்ள உருகிப் போச்சு மேடம். சித்திரை வெயில் என்னைக் கேட்டா காயுது?” என்றார் கோதண்டபாணி. கல்லூரியில் அவளோடு பௌதிகம் நடத்துபவர். அவள் கிழக்கு என்றால் அவர் மேற்கு.

ஒரு மாதமாக இருவருக்கும் வழக்கு. எந்தச் செம்பு உப்பானாலும், குளிர வைத்தால் காந்த இழுவை கூடும் என்பது அவர் கட்சி. மயில்துத்தம் என்ற நீலச் செம்பு உப்புக்குக் கூடும், செம்பையும் காடி என்கிற வினிகரையும் சேர்த்து எடுத்த கரும்பச்சை உப்புக்குக் கூடாது என்பது அவள் கட்சி.

“இதுல செம்பணு எல்லாம் ஜோடி ஜோடியா இருக்கு சார். ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் காந்தம். குளிர்ந்தா ஒண்ணு மேல பாக்கும், மத்தது கீழ பாக்கும். ஒண்ணை ஒண்ணு அடக்கிடும்.”

“நம்ம டிபார்ட்மென்ட் மாதிரின்னு சொல்லுங்க.”

அந்த இழுவையை அளக்கும் காந்தமும் தராசும் சென்னையிலிருந்து வந்த இரவல். விடிந்தால் லாரி ஏறிவிடும். இன்றைக்கு விட்டால் அவள் சொன்னது வெறும் பேச்சாகவே நின்றுவிடும்.

“என்னை அளக்கவே விடக் கூடாதுன்னுதானே?”

“இருக்கிற ஐஸ்ல கல்லுப்பைக் கலந்தா இன்னும் குளிரும், ஜல்தியா ஆரம்பிங்க. எனக்கு வேலை இருக்கு.”

முடிவைப் பார்க்கக்கூட அவர் நிற்கவில்லை. என்ன மனுஷர் என்று நினைத்துக்கொண்டே தராசின் முன் உட்கார்ந்தாள்.

ஐஸ் தண்ணீராவதற்குள் அளந்து முடித்தாள். மயில்துத்தத்துக்கு இழுவை ஏறியது. கரும்பச்சை உப்புக்கு ஏறவே இல்லை.

சொல்லி மகிழ ஆளில்லாத வெற்றியோடு வீட்டுக்கு நடந்தாள்.

வாசலில் கோதண்டபாணியின் செருப்பு கிடந்தது. உள்ளே அவள் கணவர் அப்பாதுரை போர்வைக்குள் சுருண்டிருந்தார். தலைமாட்டில் கோதண்டபாணி, ஐஸ் தண்ணீரில் துணி நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தார்.

“மத்தியானம் அனலா கொதிச்சிக்கினு கெடந்தேன்” என்றார் அப்பாதுரை. “பஸ் ஸ்டாண்டுலேந்து வர்ற வழியில சார் எட்டிப் பார்த்தாரு. டாக்டரைக் கூட்டியாந்து, ஊசி போட்டு, கொண்டாந்த ஐஸ்ல பாதியை ஒடைச்சி வெச்சு... இப்ப ஜொரம் விட்டுடுச்சு.”

காந்திமதி கோதண்டபாணி பக்கம் திரும்பினாள்.

“எங்கிட்ட ஏன் சார் சொல்லலை?”

கோதண்டபாணி நெற்றித் துணியை மாற்றினார்.

“சொன்னா அளக்காம ஓடியாந்துடுவீங்க. அப்புறம் நான்தான் ஜெயிச்சேன்னு ஆயிடும்.”