முதலாளியை நீக்கிய பவர் பத்திரம்

இதய ஆபரேஷனுக்கு முன், பிளம்பிங் கம்பெனி முதலாளி அருள்சகாயம் பவர் பத்திரத்தை அலுவலகத்தை நடத்தும் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தின் பெயரில் எழுதினார். ஆளைச் சேர்ப்பது, நீக்குவது எல்லாம் இனி அதன் பொறுப்பு.

குணமாகி வந்தவர் முதல் நாளே இடுப்பில் கயிறு கட்டாமல் ஒரு சம்ப்புத் தொட்டிக்குள் இறங்கினார். ஏறி வருவதற்குள் இயந்திரம் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டது.

“பவரை ரத்து பண்ணுங்க. சொந்தக் கம்பெனியிலயே இப்படி ஒரு அசிங்கமா?” என்றாள் மனைவி பெனிட்டா.

“இதே தப்புக்கு உன் தம்பியையே வீட்டுக்கு அனுப்பினவன் நான். அதுகிட்ட கெஞ்சிப் பார்த்தேன், மசியல.”

“இதுல சிரிப்பு வேறயா?”

“நான் வளர்த்த கம்பெனிடி.”

மறுநாள் வேலை கேட்டு வந்தவர்களின் வரிசையில் அவரும் நின்றார். முன்னால் நின்றவனிடம் சொன்னார்: “இங்க சேர்றது லேசில்ல, தம்பி.”