காசு வாங்காத வேலை

ஆயில் மாற்ற விட்ட காருக்கு இருபத்து மூவாயிரம் ஆகும் என்று சர்வீஸ் சென்டர் சூப்பர்வைசர் சொன்னதும், இறந்துபோன கணவன் ஜெரால்டு எப்படிக் கேட்பானோ அப்படியே கேட்டாள் புஷ்பலீலா.

"சரி, மாத்துங்க. கழட்டின பழைய சாமானையெல்லாம் என் கையில குடுத்துரணும்."

சூப்பர்வைசர் முகம் மாறியது. கையிலிருந்த பட்டியலில் கிளட்ச், பிரேக் என்று ஒவ்வொன்றாக அடித்து நீக்கிக்கொண்டே வந்தான். ஆயிலும் பில்டரும்தான் மிஞ்சின. வீட்டுக்குப் போனதும் ஜெரால்டிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள்.

சாயங்காலம் மெக்கானிக் கார்க் கதவைத் திறந்துவிட்டான். அவள் முதுகுக்கு முட்டுக் கொடுத்து ஓட்டும் தலையணை பின்சீட்டில் கிடந்தது.

"சீட்டு ரொம்பப் பின்னால இருந்துச்சு மேடம். உங்க உயரத்துக்கு முன்னால தள்ளி வச்சிருக்கேன். இதுக்குக் காசெல்லாம் வேண்டாம்."

ஜெரால்டு ஆறடி. அவன் போன பிறகு இந்த எட்டு மாதமும் அந்தச் சீட்டை அவள் நகர்த்தவே இல்லை.

ஏறி உட்கார்ந்தாள். கால்கள் சுலபமாக எட்டின. குனிந்து அடியிலிருந்த கம்பியை இழுத்துச் சீட்டைப் பின்னால் தள்ளினாள். கடக் கடக் என்று போனது. கொஞ்சம் முன்னே இழுத்தாள். மறுபடி பின்னே.

"முதல்ல எந்த இடத்துல நின்னுச்சு, தம்பி?"

"அதையெல்லாம் யாரு மேடம் பாக்குறா?"