குகநேசன் வீட்டுக்குப் போன கோடு

டிக்கோயாவில் அளந்த மலைகளைக் கணினியில் வலையாக விரித்து, ஓடை, பாதை என நிலத்தில் மடிப்பு விழும் இடமெல்லாம் கணினியையே கோடு போடவைப்பது உமாசுதனின் வேலை. அன்று ஒரு கோடு கூடுதலாக விழுந்தது. அவன் வீட்டுப் பின்கதவில் தொடங்கி, தேயிலைக்குள் ஒருமுறை வளைந்து, கூட வேலைசெய்யும் குகநேசனின் வாசலில் முடிந்தது. அழித்தாலும் திரும்ப வந்தது.

"பின்பக்கத்தால ஆர் போய்வாறது?" என்று உமாசுதன் தன் மனைவி ரோகினியைக் கேட்டான்.

"அங்கை எங்கையப்பா பாதை?"

உண்மைதான், செடிகள் நெருக்கியடித்து நின்றன. ஆனால் குகநேசனின் பகிடிக்கு மட்டும்தான் அவள் வாய்விட்டுச் சிரிப்பாள்.

அன்றிலிருந்து மாலைதோறும் செடிகளை விலக்கிக்கொண்டு அவ்வழியே போய்ப் பார்த்தான். ஒருவரும் வரவில்லை.

மழைக்காலம் முடிந்து, வளர்ந்த தேயிலைக் கிளைகளைக் கவ்வாத்து வெட்ட வந்த கங்காணி சிரித்தார்.

"ஐயா நடந்து நடந்து பாதையே விழுந்திருச்சிங்களே!"

உமாசுதன் திரும்பிப் பார்த்தான். கோடு வளைந்த அதே இடத்தில் பாதையும் வளைந்திருந்தது.