பதியாத விரல்

வெள்ளம் வடிந்த ஊரின் சகதியை அள்ள ஈரோட்டுப் பக்கமிருந்து லாரியில் கொண்டுவந்த துப்புரவுத் தொழிலாளர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். கையுறை வரும் என்றார்கள். வந்தது விரல் ரேகை மிஷின். காலை வரிசையில் மாராயி கட்டைவிரலை அதன் கண்ணாடியில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பிளீச்சிங் பவுடரும் சாக்கடைத் தண்ணீரும் தின்ற விரல்கள். பத்தையும் மாற்றி மாற்றி வைத்தாள். பத்துக்கும் சிவப்புதான்.

"கையை நல்லாக் கழுவிட்டு வாம்மா," என்றார் சூப்பர்வைசர்.

"கழுவிக் கழுவித்தானுங்க இப்படி ஆச்சு. ஒரு களிம்பு குடுங்கன்னு எத்தன நாளாக் கேக்கறது?"

"அது அப்புறம். நீ வரலைன்னு மிஷின் சொல்லுது."

"உங்க முன்னாலதானுங்க நிக்கறேன்!"

"நான் பார்த்தா போதுமா? மிஷின் ஒத்துக்கணுமே."

மாராயி அவரையே பார்த்தபடி, கட்டைவிரலில் ஊறிச் சுருண்டிருந்த தோலைப் பல்லால் கவ்வி உரித்தாள். அதைக் கண்ணாடியில் வைத்துச் சுருக்கம் போக நீவினாள். பச்சை விளக்கு எரிந்தது. "நன்றி," என்றது மிஷின்.

சூப்பர்வைசருக்கு மூச்சு வந்தது. "அப்பாடா, பதிஞ்சிருச்சு. மம்பட்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

அவள் மண்வெட்டியைக் கொண்டுவந்து மிஷின்மேல் சாய்த்து வைத்தாள்.

"வேலைக்கு வந்திருக்கறது அந்தத் தோலுதானுங்களே. அதையே கூட்டிட்டுப் போங்க."

சூப்பர்வைசர் சிரிக்கப் பார்த்தார். வரிசையில் அடுத்து நின்றவள் தன் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனாள்.