மோத்திக்கு எட்டடி

எட்டடிக்கு ஒரு சாண்கூடக் குறையக் கூடாது என்று ஜீனத் சொல்லியிருந்தாள். ஜேசிபி ஓட்டும் ரெஜிஸ் ஒன்பதடியே தோண்டி வைத்திருந்தான்.

தோண்டி முடித்ததும் குழியின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடி, வண்டியை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தான். அதுவும் அவள் சொன்னதுதான். லாரியிலிருந்து இறங்கும்போது மோத்தி குழியைப் பார்க்கக் கூடாது.

மோத்தி வெள்ளைக் குதிரை. வயது இருபத்தாறு.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வேண்டுமென்றால் மண்டபக்காரர்கள் பாலக்கரை ஜீனத்துக்குத்தான் போன் போடுவார்கள். மேளத்துக்கும் லைட்டுக்கும் நடுவில் முக்காடு போட்ட ஒரு பெண் லகானைப் பிடித்து நடந்து வருவதைப் பார்க்கவே மாடிகளில் ஆட்கள் வந்து நிற்பார்கள்.

இரண்டு வருஷமாக சவாரி இல்லை. பல் தேய்ந்துபோய், ஊறவைத்த தவிடுதான் சாப்பாடு. இந்த மாதத்தில் மட்டும் மூன்று தடவை வயிற்று வலி வந்து தரையில் புரண்டது. மூன்றாவது தடவை எழுப்பி நிறுத்த ஆறு பேர் வேண்டியிருந்தது.

அடுத்த தடவை வலியோடேயே போய்விடும், அதற்கு முன் நாமே ஒரு நாள் பார்த்து ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று கால்நடை டாக்டர் பவித்ரா பக்குவமாகத்தான் சொன்னாள்.

ஜீனத்துக்குச் செவ்வாய் என்று வாய்வரை வந்தது. புதன் என்றாள். ஒரு நாள் கூடக் கிடைத்தது.

நாளைக் குறிப்பது சுலபமாக இருந்தது. இடம்தான் கிடைக்கவில்லை.

கொள்ளிடத்து மணலில் புதைத்துவிடலாம் என்றார் ஒருவர். ஆற்றில் தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். மாநகராட்சிக்குத் தகவல் சொன்னால் குப்பைக் கிடங்குக்கு எடுத்துப்போக வண்டி வரும் என்றார் இன்னொருவர். அவள் எழுந்து மோத்திக்குத் தவிடு வைக்கப் போய்விட்டாள்.

கடைசியில் மண்ணச்சநல்லூரிலிருந்து பூவரசன் போன் செய்தான். ஒன்பது வருஷத்துக்கு முன் கல்யாண ஊர்வலத்தில் மோத்தி மேல் உட்கார்ந்து போனவன். விஷயம் யார் மூலமோ அவன் காதுக்குப் போயிருந்தது.

"கிணத்துக்குத் தள்ளி, வரப்போரமா ஒரு மூலை சும்மாதான் கெடக்கு. அதை எடுத்துக்கங்க பாய்ம்மா. அதுல இனி நான் ஏர் ஓட்ட மாட்டேன்."

ஜீனத் வந்து பார்த்தாள். மண்ணை அள்ளிப் பார்த்தாள். மருந்து ஏறிய உடம்பு, நாய் நரி தோண்டாத ஆழம் வேண்டும் என்று பவித்ரா சொன்னதை ரெஜிஸிடம் இரண்டு தடவை சொன்னாள். பிறகு தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள்: ஜேசிபி பக்கெட்டால் மோத்தியைத் தள்ளக் கூடாது, பெல்ட் கட்டித்தான் இறக்க வேண்டும்.

நேற்று லாடக்காரரை வரவழைத்து நான்கு லாடத்தையும் கழற்றிவிட்டாள்.

இன்று காலை திருவானைக்காவல் தாண்டி, பாலத்தில் ஏறி, டோல்கேட்டில் திரும்பி வரும்வரை அவளும் லாரியில் மோத்தியோடு நின்றபடியே வந்தாள். இறங்கியதும் அது வரப்புப் புல்லைக் கொஞ்சம் கடித்தது. மென்று விழுங்க முடியாமல் கீழே விட்டது. மறுபடி கடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

பவித்ரா மோத்தியின் கழுத்தில் முடியைச் சிரைத்து முதல் ஊசியைப் போட்டாள். அதன் தலை மெல்லத் தாழ்ந்தது.

"எந்தப் பக்கம் சாயும்னு சொல்ல முடியாது. கயித்தை ரெஜிஸ்கிட்ட குடுத்துட்டு நீங்க தள்ளி நில்லுங்கம்மா."

ஜீனத் கொடுக்கவில்லை.

பவித்ரா வற்புறுத்தவில்லை. இரண்டாவது மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டே, மயக்கத்திலும் சில குதிரைகள் காலை வீசும், இது இதற்குமுன் யாரையாவது உதைத்திருக்கிறதா என்று கேட்டாள்.

"ஒரே ஒரு தடவை. எங்க வீட்டுக்காரரை."

பவித்ராவின் கை நின்றது.

குதிரையின் முகத்தைத் தோளில் தாங்கியபடியே ஜீனத் சொன்னாள். பதினோரு வருஷம் ஆகிறது. தில்லைநகரில் ஓர் ஊர்வலம். கூட்டத்தில் யாரோ மோத்தியின் காலடியில் சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். மாப்பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டுத் திரும்பிய காதர் மொய்தீனின் நெஞ்சில் விழுந்தது அந்த உதை. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விற்றுவிடு என்றார்கள் எல்லோரும். அடித்துக் கொல்லத் தடியோடு வந்தார் அவருடைய அண்ணன்.

"மய்யத்தை எடுத்துட்டுப் போனப்புறம் கொல்லையில போய்ப் பார்த்தேன் டாக்டரம்மா. மூலையில ஒண்டிக்கிட்டு, உடம்பெல்லாம் நடுங்கிட்டு நிக்கிறான். வீட்டுல அழுதுக்கிட்டிருந்த எல்லாருக்கும் யாராவது தண்ணி குடுத்தாங்க. இவனுக்கு ஒருத்தரும் குடுக்கல."

மோத்தியின் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.

"நான்தான் வாளியை எடுத்துட்டுப் போனேன்."

முக்காட்டை இழுத்து மோத்தியின் கண்களை மூடினாள்.

"போடுங்க" என்றாள்.